நீருக்கேற்ற கலம்

சிராங்கூன் சாலையிலிருந்து ரோச்சோர் கால்வாயின் கரையைப் பற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நடப்பவர், அரைமணிப் பொழுதில் காலாங் நீர்ப்பரப்பை அடைந்துவிடலாம். தேக்காவின் சந்தடி மெல்ல ஓய்ந்து, விரிந்த நீர் கண்முன் தோன்றும். காலை வேளைகளில் அங்கே ஒரு காட்சியைக் காணலாம். நீண்ட பலகையொன்றின்மீது நிமிர்ந்து நின்று, ஆளுயரத் துடுப்பொன்றால் நீரைப் பின்தள்ளி, ஒருவர் அமைதியாக முன்னேறிச் செல்வார். 'துடுப்புப் பலகை' என்று நாம் அதனை அழைக்கலாம்.

தமிழ் மாணவர் சிலரோடு அக்கரையில் ஒருநாள் நின்றிருந்தபோது, அவர்களுள் ஒரு மாணவி, "ஐயா, கடலில் அலை அடிக்கும்போதும் இதே பலகையில்தான் போவார்களா?" என்று வினவினாள். நல்ல வினா. இல்லை என்று விடையிறுத்தேன். அலையற்ற நீருக்கு ஒரு பலகை, உடையும் அலைக்கு வேறொரு பலகை என்று விளக்கினேன். உடனே மற்றொரு மாணவன், "நம் கட்டுமரமும் இப்படித்தானே ஐயா? ஆங்கிலத்திலும் அதே சொல்தானே!" என்று மகிழ்ந்து, தன் குறிப்பேட்டில் ஒரு கட்டுமரத்தை வரைந்தும் காட்டினான். அவன் வரைந்தது இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்ப்படகு. கட்டுமரம் அன்று.

அம்மாணவனைக் குறை கூற நான் விரும்பவில்லை. சொல்லைக் கற்பித்த நாம் பொருளைக் கற்பிக்கவில்லை. உலகுக்குத் தமிழ் வழங்கிய சொற்களின் பட்டியலில் கட்டுமரத்தை முதல் வரிசையில் வைத்துப் பெருமை கொள்கிறோம். ஆனால் அது எத்தகைய கலம், எந்த நீருக்காக அமைந்தது, அதனைத் தேர்ந்தவர் எவர், எக்காரணத்தால் தேர்ந்தார் என்னும் வினாக்களுக்கு நம்மிடம் விடை இல்லை. அவ்விடைகளைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பலவாதல் ஏன்?

சங்க நூல்களைப் பயின்றோர் நீர்க்கலங்களின் பெயர்கள் பலவற்றை அறிவர். திமில், அம்பி, பஃறி, தோணி, ஓடம், புணை, கலம், வங்கம், நாவாய் என அவை நீளும். இவற்றைப் 'படகு' என்று ஒரே சொல்லால் உரையெழுதிக் கடந்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். எனினும் நூல்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். திமில் மீன் வேட்டுவரின் கலமாக, பெருங்கடலை ஒட்டி வருகிறது. பட்டினப்பாலை காட்டும் பஃறியோ உப்பை விற்று நெல்லைக் கொணர்ந்து, கழியோரத்தில் கட்டப்பட்டு நிற்கிறது. வங்கமும் நாவாயும் ஆழ்கடல் வாணிகத்துக்கு உரியவை. புணை ஆற்றுநீரிலும் சுனைநீரிலும் மிதப்பது.

கலத்தின் பெயர் அது செல்லும் நீரோடு பிணைந்திருக்கிறது. கழிக்கு உரியது கடலுக்கு ஆகாது. ஆழ்கடலுக்கு உரியது கரையை நெருங்க இயலாது. பெயர்கள் பலவாயினமைக்குப் புலவரின் சொல்வளம் மட்டுமே காரணம் ஆகாது. நீரின் இயல்பு நோக்கிக் கலத்தைத் தேர்ந்த மக்களின் அறிவே அப்பெயர்களில் படிந்துள்ளது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரியக் கடற்செலவு' என்னும் கிரேக்க நூலும் இதற்குச் சான்று பகர்கிறது. சோழமண்டலக் கரைத் துறைகளில் கரையோரமாகச் செல்லும் சிறு கலங்களையும், மரங்களைப் பிணைத்து அமைத்த 'சங்காரா' என்னும் பெருங்கலங்களையும், கங்கை வரையிலும் பொன்நாட்டுக்கும் செல்லும் மிகப்பெரிய கலங்களையும் அந்நூல் தனித்தனியே குறிக்கிறது. ஒரே கரையில், ஒரே காலத்தில், மூவகைக் கலங்கள் இருந்தன. தேர்வு என்பது அன்றே இருந்தது.

சென்னைக் கரையும் மூன்று கலங்களும்

இத்தேர்வு உயிரும் சாவுமாக நின்ற இடம் சென்னைக் கரை. 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் அங்கே காலூன்றியபோது அது துறைமுகமே அன்று. திறந்த மணற்கரை அது. வங்கக் கடலின் அலைகள் தடையேதுமின்றி வந்து, கரைக்கு அணித்தே ஆழம் குறையுமிடத்தில் எழுந்து உடைந்தன. கப்பல்கள் கரையினின்று விலகி நங்கூரமிட்டன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே இருந்த அந்தச் சிறு தொலைவே பயணம் முழுவதிலும் அஞ்சத்தக்க பகுதியாயிற்று.

ஐரோப்பியக் கப்பல்கள் தம்முடன் கொணர்ந்த படகுகள் உறுதியானவை. ஆணி அறைந்து, விலாச்சட்டங்கள் பொருத்தி அமைக்கப்பட்டவை. அமைதியான நீரில் அவை நன்கு பயன்பட்டன. உடையும் அலையில் அவ்வுறுதியே பகையாயிற்று. அலை தூக்கி மணலில் மோதியபோது, வளையத் தெரியாத அப்படகுகள் பிளந்தன.

அதனால் கரை மக்களின் சலங்கைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் 'மசுலா' என்று குறித்த படகு இதுவே. ஏறத்தாழ 30 அடி நீளமுடைய இப்படகில் ஆணி இல்லை, விலாச்சட்டமும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் இடையே நாரைச் செறித்து அமைத்தனர். அலை மோதும்போது இப்படகு நெளிந்து கொடுத்தது. நீர் சிறிது உட்புகும், அதனை இறைத்துக்கொள்ளலாம். ஆனால் படகு பிளவாது. பின்னே நின்று நெடுந்துடுப்பைப் பற்றிய தண்டேல், அலைகளின் வரிசையை நோக்கிக் காத்திருப்பார். பேரலைகள் சில வந்து உடைந்தபின் ஒரு சிற்றமைதி தோன்றும். அந்நொடியில் அவர் குரல் கொடுக்க, துடுப்பாளர் அனைவரும் ஒருங்கே வலிப்பர்.

சலங்குக்கும் ஓர் எல்லை உண்டு. கடல் மிகக் கொந்தளித்த நாள்களில், கரையுடன் தொடர்பு கொள்ளலாகாது என்று கப்பல்களை எச்சரிக்கும் கொடி கடற்கரையில் ஏற்றப்படும். அக்கொடி ஏறியபின் ஐரோப்பியப் படகும் இல்லை, சலங்கும் இல்லை. அப்போதும் சென்றுவந்தது ஒரே கலம். அதுதான் கட்டுமரம். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகி, அதனைத் தலையில் அணிந்து, ஓரிருவர் அலைகளின் ஊடே கப்பலை அடைந்தனர். அலை அவர்களைத் தூக்கியெறியும். அவர்கள் நீந்திச் சென்று மரத்தை மீண்டும் பற்றுவர். கோட்டையிலிருந்த ஆளுநரின் ஆணையும் கப்பல் தலைவரின் விடையும் அம்மீனவரின் தொப்பிக்குள்ளேதான் பயணம் செய்தன.

1861-இல் இரும்புப் பாலத்துறையும், 1870-களின் பிற்பகுதியில் தொடங்கிய துறைமுகப் பணிகளும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பேரரசின் வாணிகம், கயிற்றால் தைத்த பலகையையும் கயிற்றால் கட்டிய மரத்தையும் நம்பியே நடந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கட்டு என்னும் வினை

கட்டுமரம் ஏன் கவிழ்ந்தும் அழியவில்லை? அதற்குக் குழிந்த உடல் இல்லை. நீர் புகுந்து நிறைவதற்கு இடமே இல்லை. மேலேறிய அலைநீர் மரங்களின் இடைவெளி வழியாகக் கீழிறங்கிவிடும். மூழ்குவதற்குரிய குற்றமே இல்லாத கலம் அது.

அதற்குரிய மரங்களும் ஆராய்ந்தே கொள்ளப்பட்டன. தணக்கு, மலைவேம்பு, முள்முருங்கை போன்ற எடை குறைந்த மரங்கள் இதற்குப் பயன்பட்டன. நீளமும் பருமனும் வெவ்வேறான மரங்களை வரிசைப்படுத்தி, நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்றே உயர்ந்தும் நிற்குமாறு இணைத்தனர். அணியம் எனப்படும் முன்பகுதியை மேல்நோக்கி வளைத்துச் செதுக்கினர். எதிர்வரும் அலைக்குள் முகம் புதையாமல் அதன்மீது ஏறுவதற்கே இவ்வளைவு.

எல்லாக் கட்டுமரமும் ஒன்றல்ல. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் இக்கரையின் கலங்களை வகைப்படுத்திக் காட்டினார். கரையோர மீன்பிடிப்புக்கு ஓரிருவர் செல்லும் சிறு மரங்கள் போதுமானவை. பறக்கும் இயல்புடைய கோலா மீனைத் தேடி நாகப்பட்டினப் பகுதியினர் நெடுந்தொலைவு செல்லும்போது, ஏழு மரங்களைப் பிணைத்த 'கோலாமரம்' வேண்டியதாயிற்று. காற்றையும் அவர்கள் பெயர் சொல்லி அறிந்தனர். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. கடலுக்குள் ஓடும் நீரோட்டம் நீவாடு. எந்தக் காற்றில், எந்த நீவாட்டில், எந்த மரத்தோடு இறங்குவது என்பது கரையில் நின்று நாள்தோறும் எடுக்கப்பட்ட முடிவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவது மீனவர் வழக்கம். நீரை உறிஞ்சிக் கனத்த மரம் உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். மறுநாள் மீண்டும் கட்டுவர். தச்சன் ஒருமுறை செய்துகொடுத்த பொருளாக அது நிலைத்து நிற்பதில்லை. மீனவர் நாள்தோறும் மீண்டும் ஆக்கிக்கொள்ளும் கலம் அது. 'கட்டுமரம்' வினைத்தொகை என்று மாணவர்க்கு இலக்கணம் கற்பிக்கிறோம். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதில் அடங்கும் என்கிறோம். அவ்விலக்கணம் வெறும் ஏட்டு விதி அன்று என்பதைக் கடற்கரை மணல் நமக்கு மெய்ப்பிக்கிறது.

இச்சொல் ஆங்கிலத்தில் ஏறியது பதினேழாம் நூற்றாண்டில். வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் இக்கலத்தை எடை குறைந்த மரத்தாலானது என்று அதன் பெயரோடு விளக்கினார். பின்னர் 1876-இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் அமைத்த இரட்டையுடல் பாய்ப்படகு ஒரு போட்டியில் மற்றப் படகுகளை வென்று புகழ்பெற்றது. அவ்வகைப் படகுகளுக்கு நம் சொல் பெயராக நிலைத்துவிட்டது. இன்று தானா மேராவிலிருந்து பிந்தான் தீவுக்கு விரையும் படகுகளும் அப்பெயரையே தாங்குகின்றன. சொல் உலகை வலம் வந்தது. பொருள் கரையிலேயே தங்கிவிட்டது. என் மாணவன் வரைந்த படத்தின் வரலாறு இதுவே.

சிங்கை ஆற்றில் தமிழ்த் துடுப்பு

சென்னைக் கரையின் அலை சிங்கப்பூரில் இல்லை. சுமத்ராவும் மலாயாவும் இருபுறமும் அரணாக நிற்பதால் இங்குள்ள நீர் பெரும்பாலும் அமைதியானது. 1819-க்குப் பின் இத்துறை வளர்ந்தபோது, கப்பல்கள் வெளியே நங்கூரமிட, சரக்கை ஆற்றுக்குள் கொணரப் படகுகள் வேண்டியிருந்தன. அந்நூற்றாண்டின் முற்பாதியில் அத்தொழிலில் முன்னணியில் நின்றோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். 1822-இல் வகுக்கப்பட்ட நகரமைப்புத் திட்டத்தில் ஆற்றங்கரையிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறது. தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா, கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர்ப் பெரியாரின் நினைவுக்கு உரியது. அந்நாளில் அத்தெருவே கடற்கரை. கரையிறங்கியவர் நன்றி கூற முதலில் நின்ற இடம் அது.

கட்டுமரத்தின் கரையிலிருந்து வந்த இவர்கள் ஆற்றில் கட்டுமரத்தைச் செலுத்தவில்லை என்பது கருதத்தக்கது. இங்கே வேண்டியது அலையைத் தாண்டும் கலம் அன்று. சுமையைத் தாங்கும் கலம். ஆகவே அகன்ற வயிறுடைய தொங்கானைக் கைக்கொண்டனர். மலாய் மொழியின் 'தொங்காங்' தமிழில் தொங்கான் ஆயிற்று. நீர் மாறியபோது கலத்தையும், கலத்தோடு சொல்லையும் மாற்றிக்கொண்ட மக்கள் அவர்கள்.

அமைதியான நீர் எளிய நீர் என்று எண்ணிவிடலாகாது. ஆற்றின் இடர் அலையில் இல்லை, ஓதத்தில் இருந்தது. நீர் வற்றியபோது அடிப்பகுதி சேற்றில் பதிந்தது. நீர் ஏறியபோதோ, 1869-இல் கட்டிமுடிக்கப்பட்ட கவெனா பாலத்தின் அடியில் படகு நுழைய இடமில்லாது போயிற்று. ஓதத்தின் நேரம் அறிந்து இடைப்பொழுதில் கடக்கத் தெரிந்தவரே தொழில் செய்ய முடிந்தது. விடியற்காலையில் திடீரெனச் சீறிவரும் 'சுமத்ரா'க் காற்றையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். நூற்றாண்டின் பிற்பாதியில் சீனப் படகோட்டிகள் இத்தொழிலில் முன்னணிக்கு வந்தனர். அவர்களுடைய தட்டையான அடியுடைய படகுகள் ஆற்றை நிறைத்தன. 1983-இல் அப்படகுகளும் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம்பெயர்ந்தன. 2008-இல் மரீனா அணை திறக்கப்பட்டபின் ஆற்றுக்கும் காலாங்குக்கும் ஓதமே இல்லாது போயிற்று. இரண்டு நூற்றாண்டு ஓதத்தைக் கணித்த அறிவு பயனிழந்து நிற்கிறது.

இன்றைய பலகை

மாணவி வினவிய வினாவுக்கு இனி முழு விடை கூறலாம். துடுப்புப் பலகை ஹவாய்த் தீவுகளின் அலையாட்ட மரபில் தோன்றி, 2000-க்குப் பின் உலகெங்கும் பரவியது. கட்டுமரமே அதன் தாய் என்று கூறுவது வரலாறு ஆகாது. அத்தகைய உரிமை கோரல் நமக்கு வேண்டுவதும் இல்லை. பெரு நாட்டின் உவான்சாக்கோ மீனவர் கோரைக் கட்டுகளால் ஒரு கலம் அமைத்து, அதன்மீது அலையேறிக் கரை சேர்கின்றனர். அவர்களும் நம்மிடம் கற்றவர் அல்லர். நீர் எங்கும் ஒரே பாடத்தைக் கற்பிக்கிறது; கருத்துடையோர் எங்கும் அதனைக் கற்கின்றனர்.

அப்பாடம் இதுதான். காலாங் போன்ற தேங்கிய நீரில் 12 முதல் 14 அடி வரை நீண்ட, ஒடுங்கிய, கூர்முகப் பலகை நேராகவும் விரைவாகவும் செல்லும். புதிதாகப் பயில்வோர்க்கு 10 அல்லது 11 அடி நீளமும், ஏறத்தாழ 32 அங்குல அகலமும் உடைய பலகை தகும். அகலம் நிலைபேற்றைத் தரும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் கிழக்குக் கடற்கரையில் சிற்றலைகள் குறுக்கும் நெடுக்குமாக எழும். அங்கே ஒடுங்கிய பலகை புரட்டிவிடும், அகன்றதே பொருந்தும். அலை எழுந்து உடையும் இடமோ வேறு. மலேசியாவின் செராத்திங் கரையிலும் சென்னையை அடுத்த கோவளத்திலும் இறங்குவோர் 8 அல்லது 9 அடிக் குறும்பலகையை நாடுவர். அது விரைந்து திரும்பும். அதன் முகம் உருண்டு, மேல்நோக்கி வளைந்திருக்கும். நீண்ட கூர்முகப் பலகையை அங்கே கொண்டுசென்றால், முகம் அலைக்குள் புதைந்து செலுத்துவோரைத் தூக்கியெறியும், அருகிலிருப்போரையும் தாக்கும். செலுத்துவோரின் எடையும் கணக்கில் கொள்ளத்தக்கது. பலகை ஒருவரைத் தாங்க வேண்டும். ஆனால் அவர் அடக்க இயலாத அளவுக்குப் பெரிதாதல் கூடாது.

இவ்விதிகளைப் படிக்கும்போது முன்னர்க் கூறியவை நினைவுக்கு வரவில்லையா? மேல்வளைந்த முகம் கட்டுமரத்தின் அணியம். நீர் தங்காத உடல் கட்டுமரத்தின் உடல். அலைவரிசையின் இடையே காத்திருப்பது தண்டேலின் பொறுமை. இன்று கடைகளில் அச்சிட்ட அட்டவணையாகக் கிடைக்கும் அறிவு, அன்று எழுத்தறியாத மீனவரின் கண்ணிலும் காலிலும் இருந்தது. கோவளத்து மீனவ இளைஞர் பலர் இன்று அலைப்பலகையில் தேர்ச்சி பெற்றுப் பிறர்க்குப் பயிற்றுவிக்கின்றனர். அவர்களுக்கு அலை புதிதன்று, பலகைதான் புதிது.

நாம் செய்ய வேண்டுவது

1025-இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது அனுப்பிய கடற்படையை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அக்கலங்களுள் ஒன்றையேனும் நாம் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்முன் இருந்த கட்டுமரத்தைப் பார்க்க மறந்தோம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின; கட்டுமரங்கள் அருகின. இதற்காக மீனவரை நொந்துகொள்வது அறியாமை. நீரையும் வாழ்வையும் நோக்கி அவர்கள் மீண்டும் தேர்ந்துள்ளனர். அவர்தம் முன்னோர் செய்ததும் அதுவே. கலம் மறைவது இயல்பு. கலத்தோடு சொல்லும், சொல்லோடு அறிவும் மறைவதே இழப்பு. அணியம், நீவாடு, கச்சான், சலங்கு, தொங்கான் ஆகிய சொற்கள் நம் பாடநூல்களில் இல்லையென்றால், அவற்றைக் காப்பதற்கு வேறு இடமும் இல்லை.

தமிழாசிரியர்கள் கட்டுமரத்தைக் கற்பிக்கும் நாளில், சில குச்சிகளையும் ஒரு கயிற்றையும் மாணவர் கையில் கொடுக்கலாம். அவர்களே கட்டட்டும், நீரில் விடட்டும், அவிழ்த்து உலர்த்தி மறுநாள் மீண்டும் கட்டட்டும். அதன்பின் அம்மாணவர்களைக் காலாங் கரைக்கு அழைத்துச் சென்று, "இந்த நீருக்கு எந்தக் கலம்?" என்று வினவலாம். விடை கூறுமுன் அவர்கள் நீரை உற்றுநோக்குவார்களாயின், பாடம் நிறைவேறியது எனக் கொள்ளலாம்.